அடிக்கக் கூடாத இரண்டு

சரியாக இருந்த ஒன்றைத் தப்பு என்று நினைத்து நீங்கள் எப்போதாவது திருத்தியிருக்கிறீர்களா? திருத்திவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்ட தெம்பில் ஒரு டீ குடித்திருக்கிறீர்களா? நான் குடித்தேன். அன்றைக்குச் சர்க்கரைகூட ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

எனக்கு ஒரு கெமிக்கல் கிடங்கில் வேலை. கப்பலில் வரும் டிரம்களை உடைத்து, உள்ளே இருப்பதை ஒரு கிலோ டின்களில் அடைத்து விற்கிற இடம். டிரம் எந்தெந்தத் தேசத்திலிருந்தோ வரும். மேலே எழுதியிருக்கிற பாஷை எங்களில் ஒருத்தருக்கும் புரியாது. ஆனால் வாய்ப்பாடு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். NaCl என்று போட்டிருந்தால் அது எங்கிருந்து வந்தாலும் சோடியம் குளோரைடு, சாப்பாட்டு உப்பு. அந்த வாய்ப்பாட்டைப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடித்து, இரண்டையும் டின் லேபிளில் எழுதுவது என் வேலை. முதலில் என்னை மூட்டை தூக்கத்தான் எடுத்தார்கள். லேபிள் எழுதிக்கொண்டிருந்தவர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. "யாருக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்?" என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

கையெழுத்து மட்டும் போதாது என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. நல்ல காலம், என் அறையில் முன்பு குடியிருந்த யாரோ ஒரு பள்ளிக்கூட வேதியியல் புத்தகத்தை அலமாரியில் விட்டுப் போயிருந்தார். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய். பேச ஆள் கிடையாது. சாயங்காலம் வந்தால் அந்தப் புத்தகம்தான். நடுவில் நாலு பக்கம் கிழிந்திருந்தது. யாரோ அவற்றை அலமாரித் தட்டில் விரித்து எண்ணெய்ப் பாட்டில் வைத்திருக்கிறார்கள். படிக்க முடியாதபடி ஊறிப் போயிருந்தது. மற்ற பக்கங்கள் எனக்கு மனப்பாடம்.

அதில் இணைதிறன் என்று ஒரு பாடம். நான் அதைக் கை என்று சொல்வேன். ஒவ்வொரு தனிமத்துக்கும் இத்தனை கை என்று ஒரு கணக்கு. அலுமினியத்துக்கு மூன்று கை, ஆக்சிஜனுக்கு இரண்டு. இவன் எண்ணை அவனுக்கும் அவன் எண்ணை இவனுக்கும் மாற்றிக் கொடுத்தால் Al₂O₃. இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் இரண்டையும் அடித்துவிட வேண்டும். மெக்னீசியத்துக்கும் இரண்டு, ஆக்சிஜனுக்கும் இரண்டு. Mg₂O₂ என்று விடக் கூடாது, MgO. அவ்வளவுதான் விதி. அதை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டினேன். ஆரம்பத்தில் கெமிஸ்ட் அம்மா ஒவ்வொரு லேபிளையும் வாங்கிப் பார்ப்பார். படித்துப் பட்டம் வாங்கியவர். ஒரு வருடம் பார்த்தும் ஒரு தப்பும் கிடைக்காததால், "இனிமே நீங்களே பாத்துக்கோங்க" என்றார். கிடங்கில் என்னை எல்லோரும் 'ஃபார்முலா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அங்கேதான் கெட்டேன்.

என் தங்கை வீட்டுக்காரரும் அதே வளாகத்தில்தான் வேலை பார்க்கிறார். நான்தான் வரவழைத்தேன். தங்கை ஊரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குப் பின்பக்கத்து ஷெட்டில் வேலை. கண்ணாடிக் குடுவைகளில் திரவங்களைக் காய்ச்சி வடிப்பது. அந்த ஷெட்டுக்கு 'அடுப்படி' என்று பட்டப்பெயர். பிரிடின் என்று ஒரு திரவம், அழுகின மீன் நாற்றம் அடிக்கும், நெருப்பைப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும். அதைக் காய்ச்சிவிட்டு அவர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும்.

அவரும் நானும் பேசி ஐந்து மாதம் ஆகியிருந்தது. கேன்டீனில் ஒரு நாள் அவர் ஈர விரலால் மேஜைமேல் AlO என்று எழுதி, அலுமினியம் ஆக்சைடைப் பற்றி நாலு பேருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் சும்மா போயிருக்கலாம். நின்று, அவர் எழுதியதைத் தோள் துண்டால் துடைத்து, என் விரலால் Al₂O₃ என்று எழுதினேன். "கை கணக்கே தெரியாம குடும்பம் நடத்துறீங்களே மாப்ள" என்றும் சொன்னேன். கேன்டீனே சிரித்தது. அன்றிலிருந்து அவர் போகும்போதும் வரும்போதும் ஆட்கள் ஃபோனைக் காதில் வைத்தாற்போல் "அலோ, அலோ" என்றார்கள். அவர் என் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

எல்லாம் நடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சின்ன டிரம் வந்தது. இறக்கும்போது ஒரு பக்கம் தரையில் தேய்ந்து, ஒட்டியிருந்த தாள்களெல்லாம் சுரண்டுபட்டுப் போயிருந்தன. மூடிமேல் மட்டும் கறுப்பு மையில் BaO₂ என்று இருந்தது. உள்ளே சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி.

பேரியத்துக்கு இரண்டு கை, ஆக்சிஜனுக்கு இரண்டு கை. Ba₂O₂. இரண்டையும் அடித்தால் BaO. மூடியில் எழுதினவன் இந்தப் பக்கத்து இரண்டை அடித்துவிட்டு, அந்தப் பக்கத்து இரண்டை அடிக்க மறந்திருக்கிறான்.

"பாத்தீங்களா, வெளிநாட்டுக்காரனும் தப்பு விடுறான்" என்றேன் லேபிள் ஒட்டுகிற அக்காவிடம்.

"அவன் தப்பு விட்டா உனக்கென்ன சந்தோசம்" என்றார் அக்கா, பசையைக் கலக்கிக்கொண்டே. "எழுதுய்யா, பசை காயுது."

பேரியம் ஆக்சைடு, BaO. பன்னிரண்டு லேபிள் எழுதினேன். பன்னிரண்டு டின் ஆயிற்று. பிறகுதான் அந்த டீ.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எனக்கு வார விடுமுறை. காலையில் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் என் வேதியியல் புத்தகத்தின் இன்னொரு பிரதியைப் பார்த்தேன். அட்டை வேறு, உள்ளே அதே புத்தகம், ஒரு பக்கமும் கிழியாமல். அந்த நாலு பக்கத்துக்காகவே வாங்கினேன். அறைக்கு வந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைக்கிற நேரத்தில் தங்கை கூப்பிட்டாள். ஞாயிறு ஒன்றரை மணிக்கு அவள் ஃபோன் வரும்.

"சாப்பிட்டியாண்ணா?"

"ஆச்சு. உன் வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

"ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஆளைப் பத்தி இங்க கேக்குற. வெக்கமா இல்ல உனக்கு?"

"அவரு பேசினா நான் பேசுறேன்."

"அவரும் இதேதான் சொல்றாரு. உங்க ரெண்டு பேருக்கும் நான் ஒரு போஸ்ட்மேன். சம்பளம்தான் கிடையாது." பிறகு அவளே தொடர்ந்தாள். "இன்னைக்கும் வேலைக்குப் போயிட்டாரு. அந்த மீன் நாத்தம் அடிக்கிறத அவசரமா கேட்டிருக்காங்களாம். காலையிலயே பொடியப் போட்டு ஊற வெச்சாச்சாம். தண்ணி ஈரத்தையெல்லாம் பொடி இழுத்துக்குமாமே. மூணு மணிக்குச் சூடு ஏத்தணுமாம். பொடி டின் புதுசாம். 'உங்கண்ணன் கையெழுத்துதான், என்னா அழகா எழுதுறாரு'ன்னு சொன்னாரு. பாரு, கோவத்துலயும் மனுஷன் நியாயமாத்தான் பேசுறாரு."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஃபோனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமை நானே போய்ப் பேசிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, கட்டிலில் சாய்ந்து, புதுப் புத்தகத்தில் கிழியாத அந்த நாலு பக்கத்தைப் பிரித்தேன்.

இரண்டாவது பக்கத்தில் இருந்தது. 'பெராக்சைடுகள். இவற்றில் ஆக்சிஜன் அணுக்கள் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே தொகுதியாக நிற்கும். எனவே வாய்ப்பாட்டில் வரும் 2 என்ற எண்ணை நீக்கக் கூடாது.' கீழே எடுத்துக்காட்டு மூன்று. H₂O₂. Na₂O₂. மூன்றாவது BaO₂, பேரியம் பெராக்சைடு.

அதற்கும் கீழே கட்டம் போட்டு 'எச்சரிக்கை'. பெராக்சைடுகளை எரியக்கூடிய திரவங்களோடு சேர்த்துச் சூடாக்கக் கூடாது. தீயும் வெடிப்பும் நேரலாம். எண்ணெய் பட்ட துணி, மரத்தூள், காகிதம் இவற்றோடு உரசினாலும் தீப்பற்றலாம்.

மூன்று தடவை படித்தேன். H₂O₂ என்று என் கையாலேயே நூற்றுக்கணக்கான லேபிள் எழுதியிருக்கிறேன். ஹைட்ரஜன் பெராக்சைடு. அதை ஏன் HO என்று சுருக்கவில்லை என்று ஒரு தடவைகூட என்னை நானே கேட்டதில்லை. கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

அந்த மூடியில் எழுதினவன் ஒன்றும் மறக்கவில்லை.

மணி இரண்டு பத்து. மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுப்படிக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் காவலாளி மேஜையடியில் ஒரு மரப்பெட்டி உண்டு, எல்லோர் ஃபோனும் அதில் கிடக்கும். ஆபீஸ் நம்பர் ஞாயிற்றுக்கிழமை எடுக்க ஆளில்லை. கெமிஸ்ட் அம்மாவின் நம்பர் என்னிடம் கிடையாது. தங்கையைத் திரும்பக் கூப்பிட விரல் போனது. என்ன சொல்வேன் அவளிடம். ஃபோனைப் பைக்குள் போட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஒரு மணிக்கு ஒன்று. நிறுத்தத்தில் நிற்க எனக்குத் தைரியமில்லை. ஓடினேன். நாற்பத்தேழு வயசு, ஓடிப் பழக்கமில்லை. மூடிக் கிடந்த வங்கி, மருந்துக் கடை, டயர்க் கடை. டயர்க் கடை வாசலில் ஒருத்தர் சிகரெட்டுக்கு நெருப்புக் கிழித்தார். அந்தச் சத்தத்துக்கு என் உடம்பு தூக்கிப் போட்டது. பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போது எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிக்கொண்டேன். எதற்கென்று தெரியவில்லை. மனசுக்குள் ஒரே கணக்கு: மூன்று மணிக்குத்தான் சூடு, மூன்று மணிக்குத்தான் சூடு. தங்கை சொன்னது மூன்று. அவர் ஒரு வேலையை நேரத்துக்கு முன்னாலேயே ஆரம்பிக்கிற ஆள் என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. அவர் கல்யாணத்துக்கே பெண் வீட்டாருக்கு முன்னால் வந்து மண்டபத்தைத் திறக்கச் சொன்னவர்.

வாசலை அடைந்தபோது இரண்டு நாற்பது. காவலாளி நாற்காலியைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஃபார்முலா, இன்னைக்கு லீவாச்சே. தூக்கத்துல நடந்து வந்துட்டியா?"

"உள்ள... ஒரு நிமிஷம் உள்ள போகணும்."

"எதுக்கு?"

இங்கேதான் நான் செய்ததை எழுதக் கூசுகிறது. ஓடி வந்த மனிதன், உள்ளே தங்கை புருஷன். வாயைத் திறந்தால் உண்மைதானே வர வேண்டும். "பர்ஸை மறந்து வெச்சிட்டேன்" என்றேன்.

"லேபிள் ரூம் பூட்டியிருக்கு. சாவி என்கிட்ட இல்ல. நாளைக்கு வந்து எடுத்துக்கோ, யாரும் தின்னுட மாட்டாங்க."

"இல்லண்ணே, அடுப்படில இருக்கு."

"உன் பர்ஸ் அடுப்படிக்கு எப்படிப் போச்சு? நீயும் உன் மாப்பிள்ளையும்தான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்கீங்களே." அவருக்குப் பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷம். "லீவு நாள்ல ஆள விட்டா என் வேலை போயிடும்யா."

நான் இன்னும் ஏதோ பொய் சொன்னேன். அவர் இன்னும் ஏதோ கேட்டார். மேஜைமேல் இருந்த கடிகாரத்தில் ஐந்து நிமிடம் போயிருந்தது. மேஜையடிப் பெட்டிக்குள் ஒரு ஃபோன் அதிர்ந்தது. மாப்பிள்ளையின் ஃபோன், தங்கையாகத்தான் இருக்கும். அந்தச் சத்தம் பலகைக்குள்ளிருந்து கேட்டதும் என் வாய் தானாகப் பேசியது.

"நான் தப்பா எழுதிட்டேன். லேபிள். டின்னுல இருக்கிறது வேற பொருள். அதைப் போய் அவரு சூடு பண்ணப் போறாரு. வெடிச்சிடும்."

காவலாளி நாற்காலியின் முன்கால்களைத் தரையில் இறக்கினார். இன்டர்காமை எடுத்து அடுப்படி நம்பரை அழுத்தினார். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. உள்ளே காற்றை இழுக்கிற பெரிய விசிறி ஓடினால் இன்டர்காம் கேட்காது.

"ஓடு" என்றார். "நானும் வர்றேன்."

அடுப்படிக் கதவைத் திறந்ததும் அந்த மீன் நாற்றம். நீளமான மேஜை. அதன்மேல் நாலு குடுவைகள், ஒவ்வொன்றும் சூடேற்றுகிற ஒரு மின்சார மெத்தைக்குள் உட்கார்ந்திருக்கும். மூன்று காலி. நாலாவதில் முக்கால் அளவு திரவம், அடியில் வெள்ளைப் பொடி. மெத்தைக்கு முன்னால் சின்ன சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை கண்ணாடி மாட்டிக்கொண்டு குடுவைக்கு ஒரு முழம் தூரத்தில் குனிந்து நின்றார். என்னைப் பார்த்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"என்ன, இப்ப என் அடுப்புக்கு மார்க் போட வந்துட்டீங்களா?"

"மாப்ள, அதை அணைங்க."

"விசிறிச் சத்தம், கேக்கல."

"அதை அணைங்க. லேபிள் தப்பு. என் தப்பு."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. என் முகத்தையே பார்த்தார். அதற்குள் கதவோரத்துக் கண்ணாடி அறையிலிருந்து கெமிஸ்ட் அம்மா வெளியே வந்துவிட்டார்.

"எந்த லேபிள்?"

"பேரியம் ஆக்சைடு டின். டிரம்ல BaO₂ன்னு இருந்துச்சு. நான்... அந்த ரெண்டை நான் அடிச்சிட்டேன்."

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். குடுவையைப் பார்த்தார், சிவப்பு விளக்கைப் பார்த்தார், குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஏத்தி எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"பதினஞ்சு" என்றார் மாப்பிள்ளை.

"அதுக்குப் பக்கத்துல யாரும் போகாதீங்க. கையை வெக்காதீங்க. வெளிய நடங்க. ஓட வேண்டாம், நடங்க."

கதவுக்குப் பக்கத்தில் இருந்த மெயின் ஸ்விட்சை அவரே இறக்கினார். விளக்குகள் அணைந்தன. விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. மூன்று வருடத்தில் அந்த ஷெட்டை அவ்வளவு அமைதியாக நான் கேட்டதில்லை. குடுவைக்குள்ளிருந்து மட்டும் ஒரு 'குளுக்'. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு 'குளுக்'. கரண்டை நிறுத்தினாலும் மெத்தைச் சூடு உடனே போகாது. எனக்கு முன்னால் நடந்த மாப்பிள்ளையின் பிடரியில் மயிர் நின்றிருந்தது. பார்த்தேன்.

முற்றத்தில், தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குப் பின்னால் நாலு பேரும் நின்றோம். கெமிஸ்ட் அம்மா காவலாளியின் ஃபோனை வாங்கித் தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினார். பொருள்களின் பெயரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்குச் சந்தேகம் வந்துச்சு மச்சான்."

"என்ன?"

"எப்பவும் டின்ன ஒடச்சதும் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணில போடுவேன். பேரியம் ஆக்சைடுன்னா தண்ணி சுள்ளுன்னு சுடும். இன்னைக்குப் போட்டேன். பச்சைத் தண்ணியாவே இருந்துச்சு. சரி, பொடி கொஞ்சம் பழசு போலன்னு ரெண்டு கரண்டி கூடவே போட்டேன்."

"டவுட் வந்தா கேக்க வேண்டியதுதானே" என்றார் காவலாளி.

"யாரைக் கேக்குறது? லேபிள் எழுதினவரு என்கூடப் பேச மாட்டாரு." அவரே தொடர்ந்தார். "அதோட, அவரு கையெழுத்து. தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்."

அதற்குப் பதிலாக அவர் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். ஷெட்டின் கதவு திறந்தபடியே இருந்தது. உள்ளே இருட்டு. ஐந்து நிமிடம் ஆயிற்று. 'குளுக்' நின்றுவிட்டது. கெமிஸ்ட் அம்மா முதல் தடவையாக மூச்சை விட்டார். "ஆறிட்டு வருது. தானா ஆறட்டும். இன்னைக்கு யாரும் உள்ள போகப் போறதில்ல."

"டின்னுல மிச்சம் இருக்கா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"கால்வாசி இருக்கும். மூடி வெச்சிருக்கேன். கீழ கொஞ்சம் கொட்டிச்சு, அதை அப்பவே தொடச்சிட்டேன்."

"எதால?"

கேட்டதும் எனக்குப் புத்தகத்தின் எச்சரிக்கைக் கட்டத்தில் இருந்த இரண்டாவது வரி கண்ணுக்கு முன்னால் வந்தது. ஓடி வந்த வழி முழுக்க முதல் வரியைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். இரண்டாவது வரி மறந்தே போயிருந்தது.

"எதாலன்னா? வேஸ்ட் துணிதான். பம்பு தொடைக்கிறது."

"எண்ணெய்த் துணியா?"

"ஆமா. குப்பைக் கூடைல போட்டேன். மேஜைக்குக் கீழ."

கெமிஸ்ட் அம்மா திரும்பினார். மேஜைக்குக் கீழே, கூடைக்குப் பக்கத்தில், டொலுயீன் கேன்கள் இரண்டு நிற்கும். பெட்ரோல் மாதிரி பற்றுகிற சரக்கு. எங்கள் நாலு பேருக்கும் அது தெரியும். நாலு பேரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தோம். இருட்டுக்குள், தரையோடு தரையாக, ஒரு சின்ன ஆரஞ்சு வெளிச்சம் இருந்தது. வெறும் கைவிளக்கு அளவு.

"யாரும் போகக் கூடாது" என்று கெமிஸ்ட் அம்மா சொல்லி முடிக்கும்போது மாப்பிள்ளை பாதி முற்றத்தைத் தாண்டியிருந்தார்.

நானும் போயிருக்க வேண்டும். என் எழுத்து, என் டின், என் தங்கை. கால் நகரவில்லை. நகர்த்தப் பார்த்தேன், சிமென்ட்டில் நட்டு வைத்தாற்போல் நின்றது. சுவரைப் பிடித்திருந்த விரல்களைக்கூட எடுக்க முடியவில்லை. அவர் முதுகு இருட்டுக்குள் போனது. பிறகு உள்ளேயிருந்து உதைக்கிற சத்தம். பிளாஸ்டிக் கூடை தரையில் தேய்கிற சத்தம். மறுபடி ஒரு உதை. எரிகிற கூடை கதவு வழியாக உருண்டு வெளியே வந்தது. வந்த வேகத்தில் கவிழ்ந்து, உள்ளே இருந்தது வெள்ளையாக, கண் கூசுகிற மாதிரி எரிந்தது. அதற்குப் பின்னால் மாப்பிள்ளை வந்தார். வலது கால் பேண்ட் முழங்கால்வரை எரிந்துகொண்டிருந்தது. அவர் கத்தவில்லை. தன் காலை ஏதோ அடுத்தவன் காலைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்.

அப்போதுதான் என் கால் வந்தது. தொட்டியிலிருந்து இரண்டு வாளி தண்ணீரை அவர் காலில் ஊற்றினேன். காவலாளி மணல் வாளியைக் கூடைமேல் கவிழ்த்தார். இன்னொரு வாளி. இன்னொன்று. மணலுக்கு அடியிலும் கொஞ்ச நேரம் புகைந்தது. கெமிஸ்ட் அம்மா மாப்பிள்ளையைத் தரையில் உட்கார வைத்து, "தண்ணிய நிறுத்தாதீங்க, ஊத்திக்கிட்டே இருங்க" என்றார். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். உருகின பிளாஸ்டிக் அவர் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் தண்ணீர் ஓடுவதைப் பார்க்காமல் இருக்க அவர் முகத்தைப் பார்த்தேன். வேர்த்திருந்தது.

"கேன் ரெண்டும் பத்தல" என்றார் மாப்பிள்ளை. பல் தந்தியடித்தது. "பக்கவாட்டுல கொஞ்சம் கருகினதோட சரி."

"பேசாதீங்க மாப்ள."

"அஞ்சு மாசமா அதத்தானே செஞ்சேன்."

காவலாளி சிரித்துவிட்டார். பிறகு தப்பாகச் சிரித்துவிட்டோமோ என்று எல்லோரையும் பார்த்தார்.

தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் அடுத்தடுத்து வந்தன. ஆம்புலன்ஸில் அவர் பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னார்கள். காவலாளி ஓடி வந்து மாப்பிள்ளையின் ஃபோனை என் கையில் திணித்தார். வண்டி கிளம்பினதும் அது அடித்தது. திரையில் தங்கையின் படம்.

"எடுக்கட்டுமா?"

"குடுங்க, நானே பேசுறேன்." அவர் ஃபோனைக் காதில் வைத்து, குரலைச் சரிப்படுத்திக்கொண்டார். "ம். இல்ல, வேலைல இருந்தேன். கால்ல கொஞ்சம் சூடு பட்டுடுச்சு. பெருசா ஒண்ணுமில்ல. உங்கண்ணன் கூடத்தான் இருக்காரு. ஆமாடி, பேசிட்டோம், பேசிட்டோம். அழாத. நாளைக்குக் கூப்பிடுறேன்." வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "நடந்தது என்னன்னு நாளைக்கு நீங்களே சொல்லிடுங்க மச்சான். நான் சொன்னா உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி இருக்கும்."

"சரி" என்றேன்.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து, தங்கையிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். கை கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாமா. கிழிந்த நாலு பக்கத்திலிருந்தா. ஒவ்வொன்றும் சாக்குச் சொல்வதுபோல் இருந்தது. சட்டைப் பையில் பேனா குத்தியது. எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு மாப்பிள்ளையின் காலிலிருந்து பிளாஸ்டிக்கை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். ஏழரைக்குத் தங்கையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு ஃபோனை வைத்தாள். எட்டரைக்குக் கிடங்கில் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு, அலமாரியில் மிச்சமிருந்த பதினொரு டின்களையும் தீயணைப்புக்காரர்களுக்குக் காட்டினேன். எண்ணி எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது மணிக்கு என்னை டிரம் கழுவுகிற இடத்துக்கு மாற்றினார்கள்.